வேலை போய் இரண்டு மாதம், சில்லறைக் கடன் ஆறு இடத்தில்: எதை முதலில் கட்டுவது?

பனியன்_மெர்ச்சன்

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாகப் படிக்க மட்டும் வந்துகொண்டிருந்தவன், இன்றைக்குத்தான் எழுதுகிறேன். திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் 2019 ஜனவரியிலிருந்து மெர்ச்சன்டைசர், அதாவது வாங்குபவரின் ஆர்டரைக் கவனிக்கும் வேலை. 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி போட்டதும் எங்கள் பையர் ஆர்டரை நிறுத்தி வைத்தார். செப்டம்பர் முடிவில் எங்கள் செக்‌ஷனில் பதினோரு பேரைக் கூப்பிட்டு, ராஜினாமா எழுதிக் கொடுத்தால் கணக்கைச் சீக்கிரம் முடித்துத் தருகிறோம் என்றார்கள், நானும் கொடுத்துவிட்டேன். சம்பளம் 26,000. இப்போது மனைவி வீட்டில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பதில் மாதம் 9,000 வருகிறது, வாடகை 6,500, பையன் மூன்றாம் வகுப்பு.

கடன் விவரம்: கிரெடிட் கார்டு 62,000. ஒரு நிதி நிறுவனத்தில் பர்சனல் லோன் பாக்கி 84,000, இஎம்ஐ 4,850. மொபைல் ஆப் இரண்டு, ஒன்றில் 12,000, இன்னொன்றில் 8,000 (கையில் வந்தது 5,200 தான்). மச்சானிடம் கைமாற்று 30,000. கூட்டுறவு வங்கியில் 3 பவுன் அடகு, 80,000. மொத்தம் 2,76,000. பெரிய தொகை இல்லை என்று சிலருக்குத் தோன்றலாம், எனக்கு ராத்திரி தூக்கம் போய்விட்டது. அந்த 8,000 ஆப் ஆள் ‘இன்று மாலைக்குள் வீட்டுக்குப் போலீஸ் வரும்’ என்று வாட்ஸப்பில் அனுப்புகிறான். ஆப் கடன் இரண்டும் மனைவிக்குத் தெரியாது. கையில் 11,000 இருக்கிறது. இதை யாருக்குக் கொடுப்பது?

ஊர்சுற்றி

யாருக்கும் கொடுக்காதீர்கள் பாஸ். ஆயிரம் கோடி வாங்கினவன் விமானம் ஏறிப் போகிறான், உங்கள் 62,000-க்கு என்ன செய்துவிடுவார்கள். சிபில் (கடன் மதிப்பெண்) போகும், போகட்டும். மூன்று வருடம் போனை எடுக்காமல் இருந்தால் கேஸே போட முடியாது.

பேங்க்_ரிட்டயர்டு

மேலே உள்ளவருக்கு அப்புறம் வருகிறேன். தம்பி, யாருக்குக் கொடுப்பது என்று கேட்கும் முன்னால் உங்களுக்கு யார் தர வேண்டும் என்று ஒரு கணக்குப் போட்டீர்களா? பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) எவ்வளவு இருக்கிறது? கிராஜுவிட்டி (பணிக்கொடை) வந்ததா? 2019 ஜனவரி என்றால் ஆறு வருடம் எட்டு மாதம் ஆகிறது, ஐந்து வருடம் தாண்டிவிட்டது. ராஜினாமா செய்தாலும் அது உங்கள் பணம்தான், நிறுவனம் இஷ்டப்பட்டுக் கொடுக்கும் போனஸ் இல்லை.

பனியன்_மெர்ச்சன்

சார், பிஎஃப் பாஸ்புக்கில் 1,52,000 காட்டுகிறது. அதைத் தொடக்கூடாது, வயசான காலத்துக்கு என்று அப்பா சொல்வார், அதனால் யோசிக்கவே இல்லை. கிராஜுவிட்டி பற்றி யாரும் பேசவில்லை. ஒரு மாதச் சம்பளமும் லீவ் பணமும் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்கள்.

பேங்க்_ரிட்டயர்டு

அப்படித்தான் நினைத்தேன். பேசிக்கும் (அடிப்படைச் சம்பளம்) டிஏவும் (அகவிலைப்படி) சேர்த்து எவ்வளவு என்று சம்பளச் சீட்டில் பாருங்கள். 13,000 என்று வைத்துக்கொண்டால், அதை 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்தால் 7,500. வருடம் ஆறுதான் என்று அலுவலகத்தில் சொல்வார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள், ஆறு மாதத்துக்கு மேல் போனால் முழு வருடமாகக் கணக்கு, ஆக ஏழு. 52,500 வருகிறது. வேலையை விட்ட 30 நாளுக்குள் தர வேண்டும், தாமதித்தால் வட்டியும் உண்டு. எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். தரமாட்டேன் என்றால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் இதற்கென்றே ஒரு அதிகாரி இருக்கிறார், வக்கீல்கூட வேண்டாம். கணக்கு முடிந்தது என்று நீங்கள் போட்ட கையெழுத்து கிராஜுவிட்டியை அடித்துவிடாது.

பிஎஃப்: வேலை இல்லாதவருக்கு 75 சதவீதம் எடுக்க வழி இருக்கிறது, உங்கள் கணக்கில் 1,14,000. மீதியை முன்பு இரண்டு மாதத்தில் எடுக்கலாம், அதைப் பன்னிரண்டு மாதம் ஆக்குவது என்று 2025 அக்டோபரில் பிஎஃப் அறங்காவலர் குழு முடிவெடுத்திருக்கிறது, ஆகவே அந்த 25-ஐ எண்ணிக் கடன் சொல்லாதீர்கள். ஐந்து வருடம் தாண்டியதால் வரிப் பிடித்தம் இருக்காது. நிறுவனம் ‘எக்ஸிட் டேட்’ (வேலையை விட்ட தேதி) போட்டுவிட்டதா என்று முதலில் பாருங்கள், அது இல்லாமல் கிளெய்ம் நகராது. அவர்கள் போடவில்லை என்றால் கடைசிப் பிடித்தத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து நீங்களே போர்ட்டலில் போடலாம்.

அப்பா சொன்னது சரிதான், ஆனால் அட்டைக்கு வருடம் 42 சதவீத வட்டி கட்டிக்கொண்டே எட்டேகால் சதவீதம் தரும் பணத்தைப் பூட்டி வைத்திருப்பதை அவரே ஒப்புக்கொள்ள மாட்டார்.

பழைய_வசூல்காரன்

நான் நாலு வருடம் கார்டு, பர்சனல் லோன் வசூலில் இருந்தவன், இப்போது விட்டுவிட்டேன். உள்ளே எப்படி நடக்கும் என்று சொல்கிறேன்.

எங்களுக்கு ஒவ்வொரு கணக்கும் ஒரு ‘பக்கெட்’. 30 நாள் வரை ஒன்று, 60 வரை ஒன்று, 90 வரை ஒன்று. 90 தாண்டினால் வாராக்கடன், அதற்குள் தள்ளிவிடாமல் நிறுத்துவதுதான் எங்கள் டார்கெட், அதனால்தான் மாதக் கடைசி நான்கு நாள் போன் பறக்கும். அந்த நேரத்தில் பயந்துபோய் மனைவியின் கம்மலை அடகு வைத்துக் கட்டியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அடுத்த மாதம் அதே ஆள் அதே நிலையில்தான் இருப்பார். நன்றாகக் கத்துபவனுக்கு முதலில் கட்டுவது என்பதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. கத்துபவன் கையில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. உங்கள் பட்டியலில் சத்தமே போடாத கூட்டுறவு வங்கிக்காரர்தான் கையில் 3 பவுன் வைத்திருக்கிறார், கவனித்தீர்களா?

அட்டைக் கணக்கைப் பாருங்கள். 62,000-க்கு மாதம் மூன்றரை சதவீதம் என்றால் 2,170 வட்டி, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 390 ரூபாய். மினிமம் டியூ (மாதம் குறைந்தபட்சம் கட்ட வேண்டியது) 5 சதவீதம், 3,100. நீங்கள் 3,100 கட்டினால் அசலில் 540 குறையும். இப்படியே கட்டினால் உங்கள் பையன் கல்லூரிக்குப் போனாலும் முடியாது. வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டு, வேலை போய்விட்டது, முழுப் பாக்கியையும் இஎம்ஐ ஆக்கித் தாருங்கள் என்று கேளுங்கள். 24 மாதம், 18 சதவீதம் என்று கொடுத்தால் மாதம் 3,095 வரும். ஏறக்குறைய அதே தொகை, ஆனால் 24 மாதத்தில் முடிந்துவிடும், வட்டி மேல் ஜிஎஸ்டி மட்டும் கொஞ்சம் கூடும். தவணை தவறுவதற்கு முன்னால் கேட்டால்தான் கொடுப்பார்கள், மூன்று மாதம் தவறிவிட்டுக் கேட்டால் வேறு மேஜைக்குப் போய்விடும்.

அப்புறம் ஊர்சுற்றி சொன்ன வழி. அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதனால்தான் ஆபத்து. ஆறு மாதம் கட்டாமல் விட்டால் அட்டைக் கம்பெனியே பாதிக்கு முடித்துக்கொள்ளலாம் என்று வரும், நானே அந்த லெட்டர்களைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். ஆனால் சிபில் அறிக்கையில் ‘செட்டில்டு’ என்று பதிவாகும், ஏழு வருடம் கூடவே வரும், நாளைக்கு வேலை கிடைத்து ஒரு வண்டி லோனுக்குப் போனாலும் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். கையில் வழியே இல்லாதவருக்கு அது ஒரு வழி. உங்களுக்கு பிஎஃப் இருக்கிறது.

நொய்யல்

ஒரு சின்ன விஷயம், ஆனால் எனக்கு இது நடந்தது. பிஎஃப் பணம் வரும் கணக்கும் கிரெடிட் கார்டும் ஒரே வங்கியா என்று பாருங்கள். ஒரே வங்கியாக இருந்தால் கார்டு பாக்கிக்குச் சேமிப்புக் கணக்கில் இருக்கும் பணத்தை நிறுத்தி வைக்கவோ எடுத்துக்கொள்ளவோ செய்வார்கள், நீங்கள் கார்டு வாங்கும்போது அதற்குக் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். எனக்கு ஏடிஎம் வாசலில் நிற்கும்போதுதான் தெரிந்தது. பையனுக்கு ஃபீஸ் கட்ட வைத்திருந்த 14,000. பிஎஃப்பில் வங்கிக் கணக்கை மாற்றிவிட்டு அப்புறம் கிளெய்ம் போடுங்கள்.

கோர்ட்_குமாஸ்தா

போலீஸ் வரும் என்று அனுப்புகிறார்களே, அதற்கு மட்டும் பதில் எழுதலாம் என்று வந்தேன், நீண்டுவிட்டது, மன்னிக்கவும்.

கடன் கட்ட முடியாமல் போவது குற்றம் இல்லை. சிவில் விஷயம். தீர்ப்பு வாங்கியிருந்தாலும், வசதி இருந்தும் வேண்டுமென்றே ஏமாற்றுகிறார் என்று காட்டாமல் கடனாளியைச் சிறையில் போடக்கூடாது என்று 1980-லேயே உச்ச நீதிமன்றம் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் சொல்லிவிட்டது. உடுதுணி, சமையல் பாத்திரம், கைத்தொழில் கருவி இதையெல்லாம் ஜப்தி செய்ய முடியாது, பிஎஃப் தொகையையும் தொட முடியாது.

ஆனால் ஒரு இடத்தில் கவனம் வேண்டும், இங்கே யாரும் இதைச் சொல்லவில்லை. பர்சனல் லோனுக்குச் செக் கொடுத்திருந்தால் அது பணமில்லாமல் திரும்பினால் 138 வழக்கு, அதாவது செக் மோசடிக்கான கிரிமினல் வழக்கு. செக் கொடுக்கவில்லை, ஆட்டோ டெபிட்தான் என்றாலும் தப்பவில்லை, 2007-ஆம் வருடத்துப் பணப் பரிமாற்ற முறைகள் சட்டத்தின் 25-வது பிரிவில் அதற்கும் அதே மாதிரி கிரிமினல் வழக்குப் போடலாம். அதனால்தான் நிதி நிறுவனத்து 4,850-ஐ நான் முதல் வரிசையில் வைப்பேன். திரும்பினால் அவர்கள் எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், கையில் கிடைத்த 15 நாளுக்குள் அந்தத் தவணையைக் கட்டினால் வழக்கு நிற்காது. ஆகவே தபால்காரர் நீட்டும் ரிஜிஸ்தர் தபாலை ஆள் இல்லை என்று திருப்பி அனுப்புவதைப் போல முட்டாள்தனம் வேறு இல்லை. வாட்ஸப்பில் வரும் ‘அரஸ்ட் வாரண்ட்’ படத்துக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது, நீதிமன்றம் வாட்ஸப்பில் சிங்க முத்திரை போட்டு மிரட்டாது.

மூன்று வருடக் கெடு உண்மைதான், ஆனால் இடையில் நூறு ரூபாய் கட்டினாலோ பாக்கியை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தாலோ புதிதாக எண்ண ஆரம்பிப்பார்கள். தவிர மூன்று வருடம் முடியும் வரை அவர்கள் கையைக் கட்டிக்கொண்டா இருப்பார்கள்? லோக் அதாலத்துக்கு (சமரச நீதிமன்றம்) கூப்பிட்டால் தைரியமாகப் போங்கள், கட்டணம் இல்லை. ஆனால் அங்கே ஒப்புக்கொண்டால் மேல்முறையீடு கிடையாது, கட்ட முடிகிற தொகைக்கு மட்டும் தலையாட்டுங்கள். மஞ்சள் கடுதாசி கொடுத்துவிடலாமா என்று சிலர் கேட்பார்கள். 1920-ஆம் வருடத்து திவால் சட்டத்தில் இன்றைக்கும் மனு போடலாம்தான், இரண்டே முக்கால் லட்சத்துக்கு அந்த அலைச்சலும் ஊரில் வரும் பேரும் வேண்டாம் என்பேன்.

ஊர்சுற்றி

சரி குமாஸ்தா அண்ணா, 25-வது பிரிவு எனக்குத் தெரியாது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த 8,000 ஆப்புக்கு மட்டும் கட்டக்கூடாது, அதில் நான் மாற மாட்டேன்.

பழைய_வசூல்காரன்

அதில் நானும் உங்கள் பக்கம்தான் கிட்டத்தட்ட. இரண்டு ஆப்பையும் ஒன்றாகப் பார்க்காதீர்கள். ஒப்பந்தத்தில் கடன் கொடுத்தது எந்த நிதி நிறுவனம் என்று பேர் இருக்கிறதா? ரிசர்வ் வங்கி தன் தளத்தில் கடன் ஆப்களின் பட்டியலே வைத்திருக்கிறது, அதில் தேடுங்கள். 12,000 ஆப் பட்டியலில் இருந்தால் அது சாதாரணக் கடன், முடித்துவிட்டு நிலுவை இல்லை என்று சான்று வாங்குங்கள். 8,000 என்று சொல்லி 5,200 கொடுத்தவன், தனி ஆளின் யுபிஐ எண்ணுக்கு அனுப்பச் சொல்பவன், போனில் உள்ள நம்பரையெல்லாம் எடுத்துக்கொண்டவன், இவன் எந்த விதிக்கும் அடங்காதவன். கட்டினால் நிற்காது, இன்னும் 6,000 என்பான். மெசேஜ், நம்பர், பணம் வந்த பதிவு எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு ஆப்பை நீக்குங்கள், 1930-க்குப் போன் செய்து சைபர் கிரைமில் புகார் போடுங்கள். படத்தை மார்ஃப் செய்து சொந்தக்காரர்களுக்கு அனுப்புவதுதான் அவன் அடுத்த வேலை. அதற்கு முன்னால் வீட்டில் நீங்களே சொல்லிவிட்டால் அவன் கையில் ஆயுதமே இல்லை.

முறையான நிறுவனத்து ஏஜெண்டாக இருந்தாலும் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக்கூடாது, பக்கத்து வீட்டில் சொல்லி அவமானப்படுத்தக்கூடாது. மீறினால் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார், 30 நாளில் சரியான பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேன் (குறைதீர்ப்பு அதிகாரி). தமிழ்நாட்டில் அடாவடி வசூலுக்கு எதிராக 2025-ல் சட்டமன்றத்திலேயே தனிச் சட்டம் நிறைவேற்றியிருக்கிறார்கள். நாங்கள் 7 மணிக்கு மேல் கூப்பிட்டது இல்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன், அது வேறு கதை.

மதுரை_அக்கா

எல்லோரும் பணத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். தம்பி, வீட்டில் இன்றைக்கே சொல்லுங்கள். என் வீட்டுக்காரர் 2020-ல் இதே மாதிரி மறைத்தார், குழு லோனுக்கு நான் கட்டி வைத்திருந்த பணத்தையும் எடுத்துக் கொடுத்தார், குழுவில் பதினைந்து பெண்கள் முன்னால் நான் நின்றேன். கடனைக்கூட மறந்துவிட்டேன், அந்த நிற்பதை மறக்க முடியவில்லை. அந்தப் பெண் 9,000 சம்பாதிக்கிறாள், இந்த வீட்டில் இப்போதைக்கு அவள் ஒருத்திதான் சம்பாதிக்கிறாள், அவளுக்குத் தெரியாமல் எப்படி ‘பிளான்’ போடுவீர்கள்?

பேங்க்_ரிட்டயர்டு

அக்கா சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை. நகை பற்றி மட்டும் ஒரு வார்த்தை. ஒரு பவுன் விலையே உங்கள் 80,000-ஐத் தாண்டி நிற்கிறது. 3 பவுனுக்கு 80,000 கடன் என்றால் ஒரு பவுனை விற்றாலே மொத்தமும் தீர்ந்து இரண்டு பவுன் வீட்டுக்கு வரும். சென்டிமென்ட் பார்க்காமல் யோசியுங்கள்.

மதுரை_அக்கா

யாருடைய நகை சார்? அவளுடையது. விற்கலாமா என்று அவளைத்தான் கேட்க வேண்டும், இவரை இல்லை. வருடம் முடியும்போது வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைத்தால் நகை எங்கேயும் போகாது. கூட்டுறவு வங்கி வட்டியெல்லாம் ஒரு வட்டியா.

நொய்யல்

பர்சனல் லோன் கொடுக்கும்போது இன்சூரன்ஸ் என்று ஒரு தொகையைப் பிடித்திருப்பார்களே, அந்தப் பாலிசியை எடுத்துப் பாருங்கள். சிலவற்றில் வேலை போனால் மூன்று இஎம்ஐ அவர்களே கட்டுவார்கள்.

பனியன்_மெர்ச்சன்

நேற்று ராத்திரி பையன் தூங்கினதும் சொல்லிவிட்டேன். அவள் கத்தவில்லை. ஐந்து நிமிடம் தையல் மிஷின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அப்புறம் பழைய நோட்டில் ஒரு பக்கத்தைக் கிழித்து ஒவ்வொன்றாகச் சொல்லு என்றாள். 5,200 கொடுத்து 8,000 கேட்கிறானா என்று அதற்கு மட்டும் கோபம் வந்தது. மச்சானிடம் வாங்கினது எதற்கு என்று கேட்டபோதுதான் எனக்குப் பேச்சு வரவில்லை, கார்டு மினிமம் கட்ட வாங்கினது.

பாலிசிப் பேப்பர் அவள் ஃபைலில்தான் இருந்தது. வேலை இழப்புக்கு மூன்று இஎம்ஐ என்று இருக்கிறது. கீழே பொடி எழுத்தில், தானாக ராஜினாமா செய்தால் கிடையாது. நான் கையெழுத்துப் போட்டது ராஜினாமா கடிதத்தில்.

கோர்ட்_குமாஸ்தா

இதைப் படிக்கிற மற்றவர்களாவது கவனியுங்கள்: ஆட்குறைப்பு நேரத்தில் ராஜினாமா கேட்டால் உடனே எழுதிக் கொடுக்காதீர்கள், ஒரு நாள் அவகாசம் கேளுங்கள். ஆட்குறைப்பு என்றால் நோட்டீஸ் சம்பளம், இழப்பீடு என்று சட்டத்தில் சிலது இருக்கிறது. அதைத் தவிர்க்கத்தான் அந்தக் கடிதம். தம்பி, பதினோரு பேரிடமும் ஒரே நாளில் ஒரே வாசகத்தில் வாங்கியிருந்தால் தொழிலாளர் துறைக்குப் போகும்போது அதையும் சொல்லுங்கள், பதினோரு பேரும் சேர்ந்து போனால் நல்லது.

பனியன்_மெர்ச்சன்

ஐந்து வாரம் ஆகிவிட்டது. நிலவரம் எழுதுகிறேன்.

வங்கிக் கணக்கை மாற்றிவிட்டுத்தான் பிஎஃப் போட்டேன் (நொய்யல், உங்களுக்கு ஒரு டீ கடன்). 1,14,000 வந்தது. 12,000 ஆப் ரிசர்வ் வங்கிப் பட்டியலில் இருந்தது, முடித்துச் சான்று வாங்கியாகிவிட்டது. இன்னொன்றுக்கு 1930-ல் புகார். மச்சானுக்கும் பெரியம்மா பையனுக்கும் என் படத்தை அனுப்பினான், இரண்டு பேரிடமும் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் மச்சான் அவனையே திட்டி அனுப்பிவிட்டார். இப்போது போன் வருவதில்லை. கார்டுக்கு 30,000 கட்டிவிட்டு மீதி 32,000-ஐ 24 மாத இஎம்ஐ ஆக்கினேன், மாதம் 1,600 சொச்சம். முதல் தடவை கேட்டபோது முடியாது என்றார்கள், மூன்றாவது தடவை வேறு ஒருவர் எடுத்தார், பத்து நிமிடத்தில் முடிந்தது. பர்சனல் லோனுக்கு நான்கு தவணை 19,400 அந்தக் கணக்கிலேயே போட்டு வைத்திருக்கிறேன். மீதி 52,600, வீட்டுக்கு, மனைவி கணக்கில்.

மச்சானிடம் நேரில் போய் ஜூன் மாதம் தருகிறேன் என்றேன். சரி மாப்பிள்ளை என்று சொல்லிவிட்டார், அக்கா முகம்தான் சரியில்லை. நகையை விற்க வேண்டாம் என்று மனைவி சொல்லிவிட்டாள், வட்டி கட்டித் திருப்பி வைக்கிறோம். கிராஜுவிட்டிக்கு ஏழு பேர் சேர்ந்து மனு கொடுத்தோம், நான்கு பேர் வரவில்லை, அதே முதலாளியிடம் மறுபடி வேலைக்குப் போகலாம் என்ற நம்பிக்கை. பாதி, 26,250, செக் வந்திருக்கிறது. ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் ஜிஎஸ்டி என்ட்ரி வேலை, 12,000-க்குப் போகிறேன்.

ஒரு சந்தேகம். மீதி 26,250-க்கு முன்னால் ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று எழுதிக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

கோர்ட்_குமாஸ்தா

பணம் கணக்கில் ஏறின பிறகு, ‘கிராஜுவிட்டி தொகை 52,500 பெற்றுக்கொண்டேன்’ என்று மட்டும் எழுதிக் கொடுங்கள். வேறு ஒரு வார்த்தையும் வேண்டாம். அவர்கள் டைப் செய்து கொண்டுவரும் தாளாக இருந்தால் படம் எடுத்து இங்கே போடுங்கள், பேரை மறைத்துவிட்டு.